ஐந்து மணிப் பைகள்

ஐந்து மணி அடித்ததும் பட்டறை காலியாகிவிட வேண்டும் என்பது முதலாளியம்மாவின் சட்டம். காலியாகத்தான் செய்தது. ஆனால் வெளியேறிய ஒவ்வொருத்தியின் தோளிலும் தொங்கிய பை, ஒரு சாப்பாட்டு டப்பாவுக்கு வேண்டியதைவிட இரு மடங்கு உப்பியிருந்தது.

மூன்று நாளாக மாடி ஜன்னலிலிருந்து அவள் அதைக் கவனித்து வருகிறாள்.

"சாப்பாட்டு டப்பா காலியாத்தானே திரும்பிப் போகணும்? பை எப்படிங்க பெருக்கும்?" என்று போனில் கணவனிடம் குமுறினாள்.

"நான் அன்னைக்கே சொன்னேன். நீ வாரிக் குடுக்கிறே, அவங்க வாரிக்கிட்டுப் போறாங்க."

சுருக்கென்று தைத்தது. இரண்டு வருடங்களுக்கு முன், ஊண் உறக்கம் இல்லாமல் உழைத்து, தையல் மெஷின் மேலேயே மயங்கி விழுந்தவள் அவள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு, ஐந்து மணிக்கு மேல் இங்கே ஊசி அசையக் கூடாது என்று அறிவித்தாள். துணிப் பொம்மை வியாபாரம் படுக்கவில்லை, இரட்டிப்பானது. ஓய்வு கொடுத்தால் உற்பத்தி பெருகும் என்று தொழில் கூட்டங்களில் மேடையேறிப் பேசுகிறாள், கைதட்டலும் வாங்குகிறாள்.

அப்படிப்பட்டவளிடமே கைவரிசையா?

சந்தேகம் வந்த பிறகு எல்லாமே சாட்சி சொல்லின. அவள் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றது. கரடிக் கண்ணுக்கான கறுப்புப் பொத்தான் டப்பா மளமளவென்று குறைந்தது. கடைத்தெருவில் புதிதாக முளைத்த பொம்மைக் கடையில் ஒரு கரடி, அச்சு அசலாக இவள் கரடியைப் போலவே பல்லைக் காட்டியது.

இருப்பதிலேயே பெரிய பை, துணி வெட்டும் மேசைக்குப் பொறுப்பான மூத்தவளுடையது. கையில் இருந்த கூர்மை நாக்கிலும் இருந்ததால், அவளுக்குக் கத்திரியக்கா என்றே பெயர்.

நான்காம் நாள் மதியம் ஒரு போன் வந்தது. எல்லோர் காதிலும் விழும்படி முதலாளியம்மா பேசினாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள முந்நூறு கரடியா? தாராளமா! எங்க ஆளுங்க நல்லா ரெஸ்ட் எடுத்து வேலை பாக்கிறவங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கத்திரியக்கா இருமினாள். அதையும் முதலாளியம்மா மனத்தில் குறித்துக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு வாசலை மறித்து நின்றாள்.

"பையைத் திறங்க அக்கா."

"எதுக்கு மேடம்? உள்ள பாம்பா இருக்கு?"

"அதைத்தான் பாக்கணும். திறக்கலேன்னா நாளையிலேருந்து வர வேண்டாம். யாரா இருந்தாலும் சரி."

கத்திரியக்கா பெருமூச்சோடு ஜிப்பை இழுத்தாள்.

உள்ளே கண் இல்லாத கரடிகள். காது இல்லாத முயல்கள். அடியில் ஒரு பொட்டலம் கறுப்புப் பொத்தான்.

"எல்லாம் நம்ம சரக்கு!"

"நம்ம சரக்குதான்."

"யாருக்கு விக்கிறீங்க? அந்தப் புதுக் கடைக்குத்தானே?"

"யாருக்கும் விக்கல. காலையில நீங்க வர்றதுக்குள்ள பேக்கிங் மேசைக்கே திரும்பி வந்துடும். கண்ணோடயும் காதோடயும்."

முதலாளியம்மா ஒரு கரடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ... வீட்டுல உக்காந்து தைக்கிறீங்களா? எல்லாருமா?"

"எல்லாரும்தான். என் வீட்டுல நானும் மருமகளும். எங்க வீட்டுக்காரருக்குக் காது மட்டும்தான் குடுப்பேன். அவரு கண்ணு வெச்சா கரடிக்கு மாறுகண் ஆயிடுது."

பின்னால் ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா, மிச்சத்தை நீங்க தனியா உக்காந்து தைப்பீங்க, மறுபடியும் விழுவீங்க. அன்னைக்கு உங்களை ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடினது நாங்கதானே. அந்த ஓட்டம் ஒரு தடவை போதும்."

வாசலை மறித்திருந்த கை தானாகக் கீழே இறங்கியது.

"எத்தனை நாளா அக்கா இது நடக்குது?"

"ரெண்டு வருஷமா. முதல்ல கைப்பையிலேயே அடங்குச்சு. இப்பத்தான் இம்மாம் பெரிய பை தேவைப்படுது."

கத்திரியக்கா கரடிகளை உள்ளே அழுத்தி, ஜிப்பை மூடி, பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"அஞ்சு மணிக்கு மேல வேலை பாக்கக் கூடாதுன்னு சொன்னீங்க, சரி. ஆனா அன்னையிலேருந்து ஒரு ஆர்டரையாவது வேண்டாம்னு சொல்லியிருக்கீங்களா மேடம்?"