குடும்ப வழக்கம்

“பிள்ளை பெத்தவளை வெளி ஆளுங்க யாரும் பார்க்கக் கூடாது. எங்க குடும்ப வழக்கம். அப்புறமா வாங்க.”

வாசலில் மாமியாரின் குரல் கறாராகக் கேட்டது. கூட்டமாக வந்த உறவினர்கள் முணுமுணுத்தபடி படியிறங்கினார்கள்.

அறைக்குள் குழந்தையோடு படுத்திருந்த மருமகள் அதைக் கேட்டுத் தலையைத் தூக்கினாள். நாளைக்கு அம்மா வருவதாக இருந்தாள். அவளையும் இப்படியே திருப்பி அனுப்பிவிடுவாரோ?

மாமியார் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

“அத்தை, எங்க அம்மா நாளைக்கு...”

“வரட்டுமே! இஷ்டப்பட்ட வரைக்கும் இருக்கட்டும்.”

“அப்போ அந்த வழக்கம்?”

“அதை இன்னிக்குத்தான் ஆரம்பிச்சேன். உன் புருஷனைப் பெத்துட்டு நான் எங்கே படுத்தேன்? பார்க்க வந்தவங்களுக்கெல்லாம் எழுந்து எழுந்து காபி போட்டே இடுப்பு விட்டுப்போச்சு. நீயாவது காலை நீட்டித் தூங்கு.”

மருமகள் சிரித்து முடிப்பதற்குள் கண்ணயர்ந்துவிட்டாள்.