தலைசுத்தல்

“சிஸ்டர், மறுபடியும் தலை சுத்துது.”

வினோதினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து இதே பாட்டு. கூப்பிடுவது சகாதேவன். கீழ்பென்னாத்தூர்க்காரர், குடலிறக்க ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவர்.

பௌர்ணமிக்கு மறுநாள். கிரிவலத்தில் மயங்கி விழுந்தவர்கள், கால் கொப்புளித்தவர்கள் என்று வார்டே நிரம்பிக் கிடந்தது. இருந்த நர்சுகளில் பாதிப் பேர் லீவு.

ஆறு மாத வயிற்றோடு நடந்து வந்து, கட்டிலோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து பி.பி. பார்த்தாள்.

“நார்மலாத்தான் இருக்குது ஐயா.”

“இன்னொருவாட்டி பாரும்மா. இந்தக் கையில.”

அதிலும் நார்மல்.

“சும்மா சும்மா கூப்பிடாதீங்க. எனக்கு வேற வேலை இல்லியா?”

“சரிம்மா” என்றார்.

இரண்டு பேருக்கு ஊசி போட்டு நிமிர்வதற்குள் மறுபடியும் கையைத் தூக்கினார்.

வராந்தாவில் சூப்பர்வைசர் பிடித்துக்கொண்டாள். “அந்தப் பெரியவர் உன்னையே கூப்பிட்டுக்கிட்டு இருக்காரே, ஒழுங்கா கவனிக்கிறியா இல்லியா?”

வினோதினி மருந்து அறைக்குள் போய்க் கணவன் முருகவேலுக்கு போன் செய்தாள்.

“என்னால முடியலங்க. இந்த மாசத்தோட நின்னுக்கிறேன்.”

“அதத்தான் நானும் சொல்றேன். விட்டுட்டு வா” என்றான் அவன்.

மத்தியானம் சகாதேவனின் மகள் அறிவுமதி சாப்பாடு கொண்டுவந்தாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று வினோதினி வேகமாகப் போனாள். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டிருந்தது. உள்ளே மகள் கத்திக்கொண்டிருந்தாள்.

“தலை சுத்துதுன்னு சொன்னீங்களாமே? நாளைக்கு அனுப்ப முடியாதுன்றாரு டாக்டரு. அங்க நிலத்துல மல்லாட்டைச் செடி பிடுங்க ஆளு வந்து நிக்குது.”

“மெதுவா பேசு. எனக்கு எங்க தலை சுத்துது?”

“அப்புறம் எதுக்குப்பா அந்த நர்சுப் பொண்ண இந்தப் பாடு படுத்துறீங்க?”

சகாதேவன் குரலைத் தாழ்த்தினார்.

“நர்சுங்க உட்கார்ந்தா வேலை நடக்காதுன்னு, அவங்க மேசைகிட்ட இருந்த ஸ்டூலைக்கூட எடுத்துட்டுப் போயிட்டாங்க. புள்ளத்தாச்சிப் பொண்ணு, பி.பி. பாக்குறப்ப மட்டும்தான் கொஞ்சம் உட்காருது.”