வாப்பா போன வீடு

கொட்டாஞ்சேனை மைதானத்தின் மாடி அறையில் அன்று இருந்தவர்கள் ஐந்து பேர்: தேசிய மகளிர் உதைபந்தாட்ட அணியின் முகாமையாளர் கொன்ஸ்ரன்ஸ், தெரிவாளர் ரிம்ஸான், முன்வரிசையில் ஆடும் நஸ்லா, அவளுடைய வாப்பா மர்ஸூக் ஹாஜியார், பட்டியலில் இடம் கிடைக்காத பிள்ளையின் தாய் மெற்றில்டா.

மறுநாள் காலை அணிக்கு விமானம். இந்த முறையாவது தெற்காசிய இறுதிப் போட்டிவரை போய்விட வேண்டும் என்று ஆறு மாதமாக ஓடி ஓடிக் கால் வீங்கிய பிள்ளைகள். பட்டியலில் பேர் வந்த நஸ்லா அவர்களோடு போவாளா, வீட்டில் நிற்பாளா என்பது இந்த அறையில்தான் முடிவாக வேண்டும்.

“என்ர கண்ணால கண்டனான், மிஸ்,” என்றாள் மெற்றில்டா. “பேர் வாசிக்கிறதுக்கு முதல் நாள், வெள்ளவத்தையில ரிம்ஸான் சேர்ட வீட்டுக்கு இந்த ஹாஜியார் போனவர். கையில ஒரு கேக் பெட்டிகூட இல்ல. பெரிய ஆக்களுக்கு வாய்ச்சொல் காணும்தானே.”

ஹாஜியார் வந்தது உண்மைதான் என்று ரிம்ஸான் ஒப்புக்கொண்டார். என்ன கதைத்தார் என்று கொன்ஸ்ரன்ஸ் கேட்டபோது மட்டும் தலை குனிந்துகொண்டார்.

“அது அவர் நம்பி ஒப்படைச்ச அமானிதம், மிஸ். வாக்குக் குடுத்திட்டன். என்ட பதவி போனாலும் சொல்ல ஏலா.”

மெற்றில்டா உதட்டைச் சுழித்தாள். வேறு சாட்சி எதற்கு?

ஹாஜியார் கதிரையில் முதுகு சாய்க்காமல் இருந்தார். புறக்கோட்டையில் நாற்பது வருடம் கடை வைத்தவர். அந்தக் குடும்பத்தில் ஒருவர் பிறர் வாசலில் போய்க் காரியம் கேட்டார் என்ற பேச்சு இதுவரை எழுந்ததில்லை.

அவர் மகளுக்காகப் போனார் என்ற பேச்சு வீட்டுக்கு எட்டிய நேற்று, மூன்று வருடமாக அவரோடு முகம் கொடுத்துக் கதைக்காத நஸ்லா ஓடி வந்து அவர் கையை முத்தமிட்டாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கொன்ஸ்ரன்ஸ் பட்டியலை இழுத்து வைத்துப் பேனாவைத் திறந்தார்.

“பேர் போனாப் போகட்டும், வாப்பா,” என்றாள் நஸ்லா மெதுவாக. “எனக்காக நீங்க போனீங்களே, அது போதும்.”

ஹாஜியார் எழுந்து நின்றார். ரிம்ஸானுக்கு இனி அந்த வாக்கின் பாரம் வேண்டாம் என்று முதலில் சொன்னார். பிறகு மகள் இருந்த பக்கம் திரும்பாமல் கொன்ஸ்ரன்ஸைப் பார்த்தார்.

“ஊர் சொல்றது பிழை, மிஸ். இவள எடுக்க வாணாம் எண்டு சொல்லத்தான் நான் போன.”