மாறிப்போன பட்டியல்

“என்ன டீச்சர் இது? என் கிளாஸ்ல முதல் எட்டு ரேங்க்கும் இங்க உட்கார்ந்திருக்கு?”

ஒரு மாத விடுப்பு முடிந்து அன்றுதான் வந்திருந்த ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர், வாசலில் நின்றபடியே கேட்டார். உள்ளே வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் எட்டு மாணவர்கள். கவுன்சலிங் டீச்சர் பதறி எழுந்து வராந்தாவுக்கு வந்தாள்.

“நீங்க அனுப்பின லிஸ்ட்தானே சார்?”

“நான் ரெண்டு லிஸ்ட்டையும் உங்ககிட்டதான் அனுப்பினேன். தன்னம்பிக்கை கம்மியா இருக்கிற பிள்ளைங்க உங்களுக்கு, முதல் எட்டு ரேங்க் பேச்சுப் போட்டிக்கு. எது எதுக்குன்னு தனித்தனியா சீட்டு எழுதிக் குத்தி, லீடர் பொண்ணுகிட்ட குடுத்து விட்டேனே! இப்பப் போய்ப் பாருங்க, வாயில விரலை வெச்சாக் கடிக்கத் தெரியாத எட்டுப் பேரு ஹால்ல மைக்கை விடமாட்டேங்குறாங்க!”

அவர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.  லிஸ்ட் வந்த அன்றைக்கு மின்விசிறிக் காற்றில் மேசைக் காகிதமெல்லாம் பறந்ததும், அவசர அவசரமாகப் பொறுக்கி அடுக்கியதும் டீச்சருக்கு ஞாபகம் வந்தன. சீட்டுகள் கழன்று விழுந்து, தன் கைதான் மாற்றிக் குத்தியிருக்க வேண்டும்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். முதல் நாளே இந்தப் பிள்ளைகளிடம், “உங்களால முடியும்னு உங்களுக்கே நம்பிக்கை இல்ல, அதான் இங்க வந்திருக்கீங்க” என்று சொல்லித் தொலைத்திருந்தாளே!

போன வாரம், எப்போதும் முதல் ரேங்க் வாங்கும் அந்த லீடர் பெண், “பேப்பர் திருத்திக் குடுக்கிற அன்னைக்கெல்லாம் கை சில்லிட்டுப் போகுது மிஸ்” என்று தேம்பித் தேம்பி அழுதாள். ‘குழு மனம் திறக்கிறது’ என்று பெருமையாகக் குறிப்பேட்டில் வேறு எழுதி வைத்திருந்தாள் டீச்சர். இல்லாத பயத்தைத் தானே ஊட்டி வளர்த்துவிட்டோம் என்று இப்போது நெஞ்சு குறுகுறுத்தது.

மூடி மறைக்க மனம் வரவில்லை. உள்ளே போய்க் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னாள்.

“பிள்ளைங்களா, என்னை மன்னிச்சிடுங்க. லிஸ்ட் மாறிப்போச்சு. உங்ககிட்ட ஒரு குறையும் இல்ல. நாளையிலேர்ந்து நீங்க இங்க வர வேண்டாம்.”

துள்ளிக் குதித்து ஓடுவார்கள் என்று நினைத்தாள். யாரும் துள்ளவில்லை. ஏழு பேர் பையை எடுத்துக்கொண்டு மெல்ல வெளியேறினார்கள். லீடர் பெண் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை.

டீச்சர் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “என் மேல கோபமாம்மா? திட்டணும்னா திட்டிடு. நான் பண்ணின தப்பு அப்படி.”

“நீங்க ஒண்ணும் பண்ணல மிஸ்.” அவள் தலை நிமிரவில்லை. “சீட்டை மாத்திக் குத்தினது நான்தான்.”

“நீயா? எதுக்கும்மா?”

“ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்குறவள இங்க யாரு மிஸ் அனுப்புவாங்க?”