ஸ்பீக்கருக்கு மெத்தை

போன வாரம் தன் கையால் இழுத்துக் கட்டிய ஸ்பீக்கர் துணியைக் கீழ்வீட்டு சோபாக்காரர் இன்று தானே பிரித்துக்கொண்டிருந்தார்.

முன்பக்கச் சட்டத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, துணியைப் பிடித்திருந்த ஸ்டேப்ளர் பின்களை ஒவ்வொன்றாக நெம்பினார். ஏன் பிரிக்கிறார் என்று சொல்லவில்லை.

பழைய துணி கிழிந்து தொங்குவதைப் பார்த்து, மாற்றித் தருகிறேன் என்று அவராகத்தான் வந்தார். எனக்கு அப்போதே சந்தேகம். சாயங்காலம் நாங்கள் பாட்டுப் போட்டால் போதும், மூட்டுவலியால் மாடியேற முடியாத அவர் மனைவி கீழேயிருந்து கம்பால் கூரையைத் தட்டுவார். குறைப்போம். மறுபடி தட்டுவார். அணைத்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

புதுத் துணி போட்டதும் பெட்டி புதுமாப்பிள்ளை மாதிரிதான் இருந்தது. பாட்டு மட்டும் போர்வைக்குள்ளிருந்து வந்தது.

என் வீட்டுக்காரர் பெட்டியைச் சந்தேகப்படவில்லை. தன் காதைச் சந்தேகப்பட்டார். வயசாகிவிட்டது என்று பாட்டுப் போடுவதையே விட்டுவிட்டார். அவரை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

கடைசிப் பின்னும் வந்தது. துணிக்கடியிலிருந்து விரல் கனத்துக்கு ஸ்பாஞ்சு எட்டிப் பார்த்தது.

நினைத்தது சரிதான், வேண்டுமென்றே அடைத்திருக்கிறார். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தேன்.

அவர் முந்திக்கொண்டார். காலமெல்லாம் சோபா தைத்த கையாம். துணிக்கடியில் ஸ்பாஞ்சு வைக்காமல் தைக்க வராதாம். மெத்தென்று அழகாக இருக்கட்டும் என்று வைத்தாராம். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். காது பிழைத்த சந்தோஷம்.

சாயங்காலம் சோபாக் கடையில் இருக்கும் இவருக்கு, பாட்டுச் சத்தம் குறைந்தது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"வீட்லதான் சொன்னா. மேலேர்ந்து பாட்டே வரலன்னு ஒரு வாரமா உம்முனு இருக்கா. சத்தத்தைக் கூட்டச் சொல்லித் தட்டினா, நீங்க எப்பவும் குறைச்சுடறீங்களாமே?"

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அன்று சாயங்காலம் பெட்டி பழையபடி வாய்விட்டுப் பாடியது. பாதிப் பாட்டில் கீழேயிருந்து தட்டும் சத்தம்.

வீட்டுக்காரர் எழுந்துபோய்ச் சத்தத்தைக் கூட்டினார்.

இரண்டாவது முறை தட்டவில்லை.