ஊதாக் கறை

"இது என்ன கறை?"

வசந்தாமணியின் ரவிக்கைக் கையோரத்தைக் கந்தம்மாள் இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். மகனுக்குப் பெண் பார்க்க வந்தவள், சாயம் போகுமா என்று சேலையைச் சோதிப்பதுபோல் பெண்ணைச் சோதிக்கிறாளே என்று பெற்றவள் பூவாத்தாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கறை ஊதா நிறத்தில் இருந்தது. "புள்ள சாயப்பட்டறைக்குப் போறாளுங்க. அங்க பட்டிருக்கும்" என்று பூவாத்தாள் சிரித்து மழுப்பினாள்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பள்ளிபாளையத்தில் பிறந்ததிலிருந்து நூலும் சாயமுமாய்க் கிடந்தவளிடம் போயா இந்தப் பொய்யைச் சொல்வது?

கந்தம்மாள் கறையைத் தேய்த்து முகர்ந்து பார்த்தாள். "எந்த ஊருச் சாயமுங்க தேங்கா எண்ணெ வாசம் அடிக்குது?"

பூவாத்தாளின் புருஷன் செங்கோடன் அவளை முறைத்தார். மாப்பிள்ளைப் பையன் குமாரசாமி மட்டும், சித்திரைப் புழுக்கத்தில் மணிக்கட்டுவரை பொத்தான் போட்ட டெரிலின் சட்டையோடு, வேர்த்து விறுவிறுத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். துரைக்குப் புதுச்சட்டைப் பவிசு என்று பூவாத்தாள் அவனையும் மனசுக்குள் வைதாள்.

"அம்மிணி, போயி எண்ணெ போக அரப்புத்தூள் போட்டுக் கையைக் கழுவிட்டு வா" என்றாள் கந்தம்மாள்.

"எதுக்குங்க? எம் புள்ள என்ன கரி புடிச்ச சட்டியா?"

"மறைக்க ஒண்ணுமில்லீன்னா கழுவட்டுமே."

வசந்தாமணி கண் கலங்க எழுந்து போனாள். அவள் கையைப் பார்த்துவிட்டு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் அப்புறம் யார் இந்தப் படி ஏறப்போகிறார்கள்?

கழுவி வந்து கையை நீட்டினாள். மினுமினுப்புப் போய், முழங்கைக்குக் கீழே வெளிறிய தடங்கள் திட்டுத்திட்டாகத் தெரிந்தன. ஆறு மாதத்துக்கு முன்பு கை முழுக்கச் செதில் செதிலாய் உரிந்ததில் அவ்வளவுதான் மிச்சம்.

"தொத்து வியாதி இல்லீங்க" என்றார் செங்கோடன்.

"நான் அதைக் கேக்கலீங்க. என்ன எண்ணெ போட்டீங்க?"

பூவாத்தாளுக்குப் பொறுமை போய்விட்டது. "கேட்டுக்குங்க! வெட்பாலைத் தழையத் தேங்கா எண்ணெயில போட்டு ஏழு நாள் வெயில்ல வெச்சதுங்க. வெயில் பட்டா ஊதாவாயிரும். தோல் காயாம இருக்க வெளக்கெண்ணெ. சீக்கிரம் காறல் எடுக்காம இருக்கக் கொஞ்சம் நல்லெண்ணெ. போதுங்களா?"

"தழையக் கத்தியில அரிஞ்சீங்களா?"

"இல்லீங்க, இரும்பு படாமக் கையில கிள்ளிப் போட்டேன்."

"குளிக்கறதுக்கு முன்னாலயா, பொறகா?"

"முன்னால."

"அரிப்பு எத்தன நாள்ல நின்னுச்சு?"

"ஒரு மாசத்துல."

போலீஸ்காரன்கூட இவ்வளவு குடைய மாட்டான். பூவாத்தாள் எழுந்து நின்று வாசலைக் காட்டினாள். "எல்லாத்தையும் நல்லா மனசுல வெச்சுக்குங்க. பள்ளிபாளையம் பூராச் சொல்லி எம் புள்ள மானத்த வாங்கோணுமில்ல? கெளம்புங்க!"

கந்தம்மாள் அசையவில்லை. திரும்பி மகனைப் பார்த்தாள். அவன் இன்னும் தலை நிமிரவில்லை. அதுவரை விறைத்துக் கிடந்த அவள் முகம் அழுதுவிடுவதுபோல் ஆகிவிட்டது. பூவாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"எம் பையனுக்கு ஒடம்பெல்லாம் இதேதானுங்க, கலியாணத்துக்குள்ள ஆறிருமுங்களா?"