இடைஞ்சல் மார்க்

பள்ளிக்கூடச் சுவரில் அந்தப் பெட்டியை மாட்டியதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. சத்தம், சூடு, தூசி எல்லாவற்றையும் அது அளக்கும். அளவு ஏற ஏற, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இடைஞ்சல் மார்க் என்று சேர்த்துக் கொடுப்பார்கள்.

சுவருக்கு இந்தப் பக்கம் நான் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் சத்தம் தாங்கவில்லை என்று என்மேல் புகார் எழுதிய தலைமையாசிரியை, இப்போது வாசலில் வந்து நிற்கிறார்.

"என்னங்க, இந்த வாரம் வேலை இல்லீங்களா? பெட்டியில ஒண்ணுமே ஏறலீங்க."

அதனால் லாரி வராத நாளிலும் வெறும் தகரத்தைத் தட்டுகிறேன்.

என் மகள் மகிழினியும் அங்கேதான் பத்தாவது படிக்கிறாள். பள்ளி திறந்த புதிதில் அழாத குறையாகக் கேட்டாள்.

"தட்டறத நிறுத்துங்கப்பா. எனக்குக் கணக்கு நல்லா வரும். டீச்சர் சொல்றது காதுல விழுந்தாப் போதும்."

"உனக்கு ஒருத்திக்காக நிறுத்தினா மத்த புள்ளைங்க என்ன ஆகறது கண்ணு?" என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.

இன்று கணக்குப் பரீட்சை. பரீட்சை நேரத்துச் சத்தத்துக்கு இரண்டு மடங்கு மார்க். ஆனாலும் மனசு கேட்கவில்லை. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கத்தியது.

"தட்டுங்கப்பா! எனக்கு ஒண்ணுமே தெரியல!"